திரையில் 4 டிகிரி... அது எப்போது எடுத்த அளவு? இன்சுலின் ஃபிரிட்ஜைக் கண்காணிக்கும் பைத்தான் ஜன்னல்!

இட்லி மாவு, தயிர், மல்லிகைப்பூ, நேற்று மீந்த குழம்பு. இவற்றுக்கு நடுவே ஓர் ஓரத்தில், சின்ன அட்டைப் பெட்டியில் இன்சுலின். சர்க்கரை நோயாளிகள் இருக்கும் பல வீடுகளில் ஃபிரிட்ஜின் நிலவரம் இதுதான்.

மாவு புளித்தால் வாசனையே சொல்லிவிடும். பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால், இன்சுலின் வீரியம் இழந்தால் பெரும்பாலும் நிறமும் மாறாது, வாசனையும் வராது. ஊசி போட்ட பிறகும் சர்க்கரை இறங்காதபோதுதான் வீட்டில் சந்தேகமே எழும். அதற்குள் 'தாத்தா ஒளித்துவைத்து இனிப்பு சாப்பிட்டிருப்பார்' என்று பழி வேறு யார் மீதாவது விழுந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு சின்ன சென்சாரும், ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரும், பைத்தான் மொழியில் எழுதிய ஒரு ஜன்னலும் உதவிக்கு வருகின்றன. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வெப்பநிலையை இரவும் பகலும் அளந்து, திரையில் காட்டி, எல்லை மீறினால் எச்சரிக்கும் கருவியைக் கல்லூரி மாணவர் ஒருவரே வீட்டில் செய்துவிடலாம். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில், முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறியும் இருக்கிறது.

2 முதல் 8 வரை: ஏன் இந்தக் கணக்கு?

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, பெரும்பாலான வகைகளை அறை வெப்பநிலையிலேயே சுமார் 4 வாரங்கள் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள், எத்தனை டிகிரி வரை என்பது வகைக்கு வகை மாறும். அட்டையோடு வரும் தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும்.

சூடு பட்டால் மருந்து கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகக் குளிரும் கெடுக்கும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஒருமுறை உறைந்துபோன இன்சுலினை, மீண்டும் உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. ஃபிரீசர் பெட்டிக்கு நேர் கீழே, குளிர்காற்று வரும் துவாரத்துக்கு அருகே மருந்தை வைப்பவர்கள், 'இங்கேதானே நல்லா ஜில்லுன்னு இருக்கும்' என்ற நல்லெண்ணத்தில்தான் அதைச் செய்கிறார்கள்.

தடுப்பூசிகளுக்கும் இதே 2 முதல் 8 டிகிரி கணக்குதான். ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் சேர்ந்த தடுப்பூசிகள் உறைந்தால், அவற்றில் கலந்திருக்கும் அலுமினிய உப்பு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். பிறகு அந்த ஊசி போட்டும் பலன் குறைவு. அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜரேட்டர்' என்ற தனிவகை ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதன் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் குறித்துவைப்பது அங்கே நெடுநாள் வழக்கம்.

காலையும் மாலையும் பார்த்தால் போதாதா?

காலை 9 மணிக்கு 5 டிகிரி. மாலை 4 மணிக்கு 6 டிகிரி. நோட்டில் இரண்டும் அழகாகவே இருக்கும். ஆனால், நள்ளிரவு 1 மணிக்குக் கரன்ட் போய் விடியற்காலை 5 மணிக்கு வந்திருந்தால், அந்த 4 மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பது நோட்டில் இருக்காது.

அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைக் காட்டும் தெர்மாமீட்டர் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். '11 டிகிரி வரை போயிருக்கிறது' என்று தெரியும். எப்போது போனது, எவ்வளவு நேரம் அங்கேயே நின்றது என்பது தெரியாது. மருந்தைக் காப்பாற்றலாமா, குப்பையில் போடலாமா என்ற முடிவு அந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

இதனால்தான் உலகம் முழுவதும் தடுப்பூசிக் கிடங்குகள் தொடர் கண்காணிப்புக்கு மாறின. இந்தியாவில் சுகாதார அமைச்சகமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 2015-ல் தொடங்கிய 'ஈவின்' திட்டம், தடுப்பூசி ஃபிரிட்ஜ்களுக்குள் சென்சார் வைத்து வெப்பநிலையை இணையம் வழியே அனுப்புகிறது.

என்னென்ன தேவை?

வீட்டில் இதையே சின்ன அளவில் செய்யப் பலரும் தேர்ந்தெடுக்கும் கம்ப்யூட்டர், 'ராஸ்ப்பெரி பை'. கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டு அளவே இருக்கும் இது, பள்ளிப் பிள்ளைகள் புரோகிராமிங் பழக வேண்டும் என்ற நோக்கத்தோடு பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அதோடு ஒரு திரையை இணைத்தால் முழுக் கம்ப்யூட்டர் தயார்.

சென்சார்களில், இந்த வேலைக்கு வாகானது 'டிஎஸ்18பி20'. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தண்ணீர் புகாத ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து, நீள ஒயரோடும் விற்கிறார்கள். மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரையிலான எல்லைக்குள், அரை டிகிரிக்கு மேல் பிசகாது என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு.

அதில் மூன்றே ஒயர்கள். ஒன்று மின்சாரம், ஒன்று தரை இணைப்பு, மூன்றாவது தகவல். மின்சார ஒயருக்கும் தகவல் ஒயருக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையிலேயே தனித்தனி எண் பதிக்கப்பட்டிருப்பதால், ஒரே தகவல் ஒயரில் மூன்று, நான்கு சென்சார்களைக் கோக்கலாம். கதவுப் பக்கம் ஒன்று, நடுத்தட்டில் ஒன்று, ஃபிரீசருக்குக் கீழே ஒன்று என வைத்துப் பார்த்தால், ஒரே ஃபிரிட்ஜுக்குள் எத்தனை தட்பவெப்பம் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

மீதி வேலை பைத்தானுடையது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோஸம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி, 1991-ல் வெளியிட்ட மொழி இது. பெயரைக் கேட்டதும் மலைப்பாம்புதான் நினைவுக்கு வரும். ஆனால், 'மாண்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் நினைவாகவே அவர் அந்தப் பெயரை வைத்தார்.

பைத்தானோடு 'டீகேஇன்டர்' என்ற கருவிப்பெட்டியும் வருகிறது. ஜன்னல், பட்டன், எழுத்து, படம் ஆகியவற்றைத் திரையில் வரைவதற்கானது அது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய 'டீகே' என்ற மென்பொருள்தான் அதற்கு அடிப்படை.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் பொறி

முதல்முறை எழுதும் எவரும் இப்படித்தான் யோசிப்பார்கள்: சென்சாரைப் படி. எண்ணைத் திரையில் போடு. கொஞ்ச நேரம் தூங்கு. மீண்டும் முதலிலிருந்து. பைத்தானில் இதற்கு 'வைல் ட்ரூ' என்ற முடிவில்லாச் சுழலும், 'டைம் ஸ்லீப்' என்ற தூக்கக் கட்டளையும் இருக்கின்றன. கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும்வரை இந்த முறை பிரமாதமாக வேலை செய்யும்.

அதையே அப்படியே ஜன்னலுக்குள் வைத்தால் ஜன்னல் செத்துவிடும். சில நேரம் திரையில் வரவே வராது. வந்தாலும் பட்டனை அழுத்தினால் அசையாது. மூடும் பெருக்கல் குறியைத் தட்டினாலும் போகாது. 'இந்த புரோகிராம் பதில் அளிக்கவில்லை' என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

காரணம் எளியது. சின்ன ஹோட்டல் ஒன்றின் கல்லாவில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் வாங்குவது, சில்லறை கொடுப்பது, பார்சல் கேட்பவருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். அவரே எழுந்து பின்கட்டுக்குப் போய், 'பால் பொங்குதா?' என்று அடுப்பருகே நின்று பார்த்தால் என்ன ஆகும்? அவர் திரும்பிவரும்வரை கல்லாவில் கூட்டம் நிற்கும்.

ஜன்னல் புரோகிராமிலும் கல்லாக்காரர் ஒருவர் இருக்கிறார். 'மெயின்லூப்' என்பது அவர் பெயர். மவுஸ் அசைந்ததா, பட்டன் அழுத்தப்பட்டதா, திரையை மீண்டும் வரைய வேண்டுமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. 'ஒரு நிமிஷம் தூங்கு' என்று நாம் எழுதும் கட்டளை, தூங்கப்போகச் சொல்வது அவரைத்தான்.

வெளியே வர இரண்டு வழிகள்

முதல் வழி, 'ஆஃப்டர்' என்ற கட்டளை. 'தூங்கு' என்பதற்குப் பதிலாக, '60,000 மில்லி செகண்ட் கழித்து இந்த வேலையை ஞாபகப்படுத்து' என்று கல்லாக்காரரிடம் சொல்லிவைப்பது. அவர் தன் வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நேரம் வந்ததும் சென்சாரைப் படித்து, எண்ணை மாற்றிவிட்டு, அடுத்த நிமிடத்துக்கும் நினைவூட்டல் வைத்துவிடுவார். ஒரே ஒரு சென்சாரை நிமிடத்துக்கு ஒருமுறை படிக்க இதுவே போதும்.

ஆனால், டிஎஸ்18பி20 கொஞ்சம் நிதானமான ஆசாமி. முழுத் துல்லியத்தில் ஒருமுறை அளக்க முக்கால் விநாடி வரை எடுத்துக்கொள்ளும். மூன்று சென்சார்களை அடுத்தடுத்து படித்தால் இரண்டு விநாடிக்கு மேல் போய்விடும். அந்த நேரம் முழுக்க ஜன்னல் விக்கி நிற்கும்.

அப்போது தேவைப்படுவது இரண்டாவது வழியான 'த்ரெட்'. அதாவது, அடுப்பைப் பார்க்கத் தனியாக ஓர் உதவியாளரை நியமிப்பது. அவர் சென்சாரைப் படிப்பார், காத்திருப்பார், மீண்டும் படிப்பார். படித்த எண்ணைச் சீட்டில் எழுதி ஒரு தட்டில் போடுவார். அந்தத் தட்டுக்குப் பைத்தானில் 'க்யூ' என்று பெயர். கல்லாக்காரர் அரை விநாடிக்கு ஒருமுறை, 'ஆஃப்டர்' கட்டளையின் உதவியோடு, தட்டில் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் எடுத்துத் திரையில் எழுதுவார். இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடுவார்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. உதவியாளர் நேரடியாகத் திரையில் கை வைக்கக் கூடாது. எழுதுவது, வரைவது எல்லாம் கல்லாக்காரர் மட்டுமே செய்ய வேண்டும். இதை மீறினால் சில நாள்கள் ஒழுங்காக ஓடிவிட்டு, எதிர்பாராத நேரத்தில் புரோகிராம் தடுமாறும். என்றோ ஒருநாள் மட்டும் தலைகாட்டும் இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது, எப்போதும் இருக்கும் பிழையைக் கண்டுபிடிப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

காபி கெட்டிலுக்காகப் பிறந்த ஜன்னல்

ஓர் அளவைத் தொடர்ந்து பார்க்க ஒரு ஜன்னல் என்ற யோசனைக்கு, சுவாரஸ்யமான முன்னோடி ஒன்று உண்டு. அதுவும் கேம்பிரிட்ஜில்தான்.

1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு காபி கெட்டில்தான் இருந்தது. வேறு தளங்களில் வேலை பார்த்தவர்கள் படியிறங்கி வந்தால், பல நேரம் கெட்டில் காலி. வெறுத்துப்போன ஆய்வாளர்கள் கெட்டிலுக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தினார்கள். க்வென்டின் ஸ்டாஃபர்ட் ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி இருவரும் அதற்கான புரோகிராம்களை எழுதினார்கள். ஒவ்வொருவர் திரையின் மூலையிலும் கெட்டிலின் கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்குச் சுமார் மூன்று முறை புதுப்பிக்கப்பட்டு வந்தது.

1993-ல் அந்தப் படம் இணையத்துக்கும் வந்தது. உலகின் முதல் வெப்கேம் என்று அது இன்று கொண்டாடப்படுகிறது. 2001 ஆகஸ்டில் கேமராவை அணைத்தபோது, அந்தக் கெட்டில் இணைய ஏலத்தில் 3,350 பவுண்டுக்கு விலைபோனது.

காபிக்கு நிமிடத்துக்கு மூன்று படங்களே போதுமாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஃபிரிட்ஜும் அப்படித்தான். அதன் வெப்பநிலை விநாடிக்கு விநாடி தாவாது. விநாடிக்கு ஒருமுறை அளந்தால் ஒரு நாளில் 86,400 எண்கள் குவியும். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 1,440 தான். தடுப்பூசிகளைச் சேமிக்கும் இடங்களுக்கு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான 'சிடிசி' கேட்பதே, குறைந்தது 30 நிமிடத்துக்கு ஒரு பதிவுதான்.

வரைபடம் போடுபவர்களுக்கும் இது முக்கியம். எண்களை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் நாள் செல்லச் செல்ல நினைவகம் நிரம்பும், படம் வரைவதும் மந்தமாகும். 'டெக்' என்ற பட்டியல் வகைக்கு 1,440 என்று உச்சவரம்பு வைத்துவிட்டால், புது எண் வரும்போது பழைய எண் தானாக வெளியேறும். திரையில் எப்போதும் கடைசி 24 மணி நேரம் மட்டும் இருக்கும். பழைய எண்கள் கோப்பில் பத்திரமாக இருந்தால் போதும்.

85 டிகிரி காட்டுகிறதா? பதறாதீர்கள்

சென்சார்களும் சில நேரம் பொய் சொல்லும். டிஎஸ்18பி20 சொல்லும் பிரபலமான பொய், 85 டிகிரி.

மின்சாரம் கிடைத்ததும், இன்னும் எதையும் அளக்காத நிலையில், அந்த சென்சாரின் நினைவில் இருக்கும் தொடக்க எண் அது. ஒயர் ஆட்டம் கண்டு, அளக்கும் நடுவிலேயே மின்சாரம் தடைபட்டாலும் 85 என்றுதான் வரும். ராஸ்ப்பெரி பை, சென்சார் அனுப்பும் தகவல் வழியில் சிதைந்திருக்கிறதா என்று சோதித்து, சரியென்றால் 'யெஸ்' என்று எழுதிவிடும். 85 என்ற எண் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஏனென்றால், தகவல் சிதையாமல்தான் வந்திருக்கிறது. அனுப்பப்பட்ட எண்தான் தவறு.

ஆகவே, ஃபிரிட்ஜுக்கான புரோகிராமில், 'ஒரு நிமிடத்தில் 5-லிருந்து 85-க்குத் தாவினால் நம்பாதே, மறுபடி அள' என்று ஒரு வரி அவசியம். இல்லாவிட்டால் நள்ளிரவில் அலாரம் அலறி வீடே எழுந்து உட்காரும். இரண்டு முறை அப்படி நடந்தால், மூன்றாம் முறை யாராவது ஒயரையே பிடுங்கிவிடுவார்கள்.

உறைந்த திரை: பெரிய ஆபத்து இதுதான்

85 என்ற பொய் சத்தமாக வருவதால் பிடித்துவிடலாம். சத்தமில்லாத பொய் ஒன்று உண்டு.

அடுப்பைப் பார்க்கப்போன உதவியாளருக்கு ஏதோ ஆகிவிடுகிறது. ஒயர் கழன்றது, சென்சார் பதில் தரவில்லை, புரோகிராமில் பிழை எழுந்து அந்த த்ரெட் நின்றுவிட்டது. ஆனால், கல்லாக்காரர் நலமாகவே இருக்கிறார். தட்டில் சீட்டு வரவில்லை, அதனால் அவர் எதையும் மாற்றவில்லை. ஜன்னல் நன்றாக இயங்குகிறது. பட்டன்கள் அசைகின்றன. நடுவில் பெரிய பச்சை எழுத்தில் '4.2 டிகிரி' என்று இருக்கிறது.

அது நேற்று மதியம் எடுத்த அளவு.

பார்ப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. ஜன்னல் அப்படியே உறைந்து நின்றிருந்தால்கூட 'ஹேங் ஆகிடுச்சு' என்று யாராவது கவனித்திருப்பார்கள். இங்கே எல்லாமே சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. கண்காணிப்புக் கருவியே இல்லாத வீட்டில், ஒருவராவது கதவைத் திறந்து தொட்டுப் பார்ப்பார். பச்சை எண் இருக்கும் வீட்டில் அதைக்கூட யாரும் செய்வதில்லை.

இதற்கு மருந்து, எண்ணோடு சேர்த்து அதன் வயதையும் காட்டுவது. '4.2 டிகிரி' என்பதற்குக் கீழே, '40 விநாடிக்கு முன் அளந்தது' என்று ஒரு வரி. உதவியாளர் போடும் ஒவ்வொரு சீட்டிலும் எண்ணோடு நேரமும் இருக்க வேண்டும். கல்லாக்காரர் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துக் காட்டுவார். மூன்று நிமிடமாகப் புதுச்சீட்டு வராவிட்டால் பச்சை நிறம் போய்ச் சாம்பல் நிறம் வர வேண்டும். எண் மறைந்து, 'தகவல் வரவில்லை' என்ற எழுத்து வர வேண்டும். எழுதினால் ஐந்தாறு வரிகள்தான்.

அலாரம் எப்போது அடிக்க வேண்டும்?

8 டிகிரியைத் தாண்டியதும் அலாரம் என்று எழுதுவது சுலபம். ஆனால், காய்கறி எடுக்கக் கதவைத் திறந்து நின்றாலே உள்ளே காற்றின் வெப்பநிலை எகிறும். மருந்துப் புட்டிக்குள் அவ்வளவு சீக்கிரம் சூடு ஏறாது.

அதனால், சென்சாரை வெறுங்காற்றில் தொங்கவிடாமல், மருந்து படும் வெப்பத்தையே அதுவும் படும்படி வைக்கிறார்கள். கிளைக்கால் போன்ற திரவம், மணல், கண்ணாடி மணிகள் ஆகியவை நிரப்பிய சின்னப் புட்டிக்குள் சென்சார் முனையைச் செருகுவது வழக்கம். வீட்டில் மணல் நிரப்பிய சிறு பாட்டில் போதும். இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்திலேயே, நடுத்தட்டில் அதை வைக்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு நேரம் என்ற கேள்வி. தடுப்பூசி ஃபிரிட்ஜ்களில் வைக்கும் 30 நாள் பதிவுக் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தரவிதிகள் சொல்லும் கணக்கு யோசிக்க வைக்கிறது. 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால் அலாரம். மைனஸ் அரை டிகிரியோ அதற்குக் கீழோ போனால் 60 நிமிடத்திலேயே அலாரம். வெப்பம் வீரியத்தைப் படிப்படியாகத்தான் குறைக்கும். உறைதலோ ஒரே அடியில் கெடுத்துவிடும். அதனால்தான் குளிருக்கு இவ்வளவு அவசரம்.

வீட்டுக் கருவியில் 10 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. 8 டிகிரிக்கு மேல் அரை மணி நேரம், 2 டிகிரிக்குக் கீழே 10 நிமிடம் என வைத்துக்கொள்ளலாம். இது மருந்து கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு ஆகாது. 'வந்து பாருங்கள்' என்ற அழைப்புதான். எல்லைக் கோட்டிலேயே வெப்பநிலை ஊசலாடினால் அலாரம் விட்டுவிட்டு அடிக்கும். 8-ஐத் தாண்டினால் தொடங்கு, 7.5-க்குக் கீழே இறங்கினால்தான் நிறுத்து என்று சின்ன இடைவெளி கொடுத்தால் அந்தத் தொல்லை தீரும்.

கரன்ட் போனால்?

கண்காணிப்பு அதிகம் தேவைப்படுவது கரன்ட் போகும் நேரத்தில்தான். ஃபிரிட்ஜ் செருகியிருக்கும் அதே பிளக்கில் ராஸ்ப்பெரி பையையும் செருகினால், இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் விளக்கும் ஃபேனும் ஓடும், ஃபிரிட்ஜ் ஓடாது. அந்த இன்வெர்ட்டர் லைனில் ராஸ்ப்பெரி பையைச் செருகிவிட்டால் போதும். செல்போனுக்குச் செய்தி அனுப்பும்படி எழுதியிருந்தால், வைஃபை ரவுட்டரும் அதே லைனில் இருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், கடிகாரம். 2023-ல் வந்த ராஸ்ப்பெரி பை 5-க்கு முந்தைய மாடல்களில், மின்சாரம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்துதான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். கரன்ட் வந்தும் இணையம் வராத நேரத்தில், பதிவுகளில் தவறான நேரம் விழும். மாடல் 5-லும் தனி பேட்டரி இணைத்தால்தான் கடிகாரம் தொடர்ந்து ஓடும். பழைய மாடல்களுக்கு, 'டிஎஸ்3231' என்ற சின்னக் கடிகார அட்டை இந்தக் குறையைத் தீர்க்கும்.

ஒவ்வோர் அளவையும் உடனுக்குடன் கோப்பில் எழுதிவிடுவதும் முக்கியம். ஜன்னலில் மட்டும் வைத்திருந்தால், கருவி அணைந்த நொடியில் மொத்த வரலாறும் போய்விடும்.

நம்புவதற்கு முன் நான்கு சோதனைகள்

கருவி தயாரானதும் இன்சுலினை அதன் பொறுப்பில் விடுவதற்கு முன், ஒரு மாலை நேரத்தை இதற்காக ஒதுக்கலாம்.

ஐஸ் சோதனை: டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது நனையும் அளவு தண்ணீர். சென்சார் முனையை நடுவில் வைத்து, கிளறிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை டிகிரி கூடவோ குறையவோ இருந்தால், அந்த வித்தியாசத்தைப் புரோகிராமில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வேறு சென்சார் வாங்குவது நல்லது.

ஒயர் சோதனை: புரோகிராம் ஓடும்போதே சென்சார் ஒயரைக் கழற்றுங்கள். சில நிமிடங்களில் பச்சை எண் மறைந்து 'தகவல் வரவில்லை' என்று வருகிறதா என்று பாருங்கள்.

கதவு சோதனை: மருந்தை வெளியே பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட்டு, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தே வையுங்கள். நீங்கள் குறித்த நேரத்தில் அலாரம் அடிக்க வேண்டும்.

மின்தடை சோதனை: ராஸ்ப்பெரி பையின் பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள். யாரும் தொடாமலேயே புரோகிராம் தானாகத் தொடங்க வேண்டும். பழைய பதிவுகள் அப்படியே இருக்க வேண்டும்.

இந்தக் கருவிக்கு எல்லையும் உண்டு. மருந்துக்கடையோ, மருத்துவமனையோ, தடுப்பூசி மையமோ இதை நம்பி நடத்தக் கூடாது. அங்கே அளவுத்திருத்தச் சான்றிதழ் உள்ள கருவிதான் இருக்க வேண்டும். வீட்டிலும், அலாரம் அடித்த பிறகு அந்த இன்சுலினைப் போட்டுக்கொள்ளலாமா என்ற முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவரோ மருந்தாளுநரோதான். 'எத்தனை டிகிரி போச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு?' என்று அவர்கள் கேட்கும்போது, கோப்பைத் திறந்து காட்டினால் அவர்களுக்கும் முடிவெடுப்பது எளிது.

சென்சாரும் கம்ப்யூட்டரும் வாங்க இன்னும் நாள் ஆகும் என்பவர்கள், இன்றைக்கே ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டு இன்சுலின் ஃபிரிட்ஜில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதவிலோ, ஃபிரீசருக்கு அடியிலோ இருந்தால், நடுத்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.